நாப்பது டேபும் என் பி.டி. பீரியடும்

ஸ்கூல்ல யாருக்கும் சொந்தமில்லாத வேலை ஒண்ணு வந்து சேந்துச்சுன்னா அது பி.டி. சார் தலையிலதான் விழும். இதை நான் சொல்லல, என்னோட இருவத்திரெண்டு வருஷ சர்வீஸ் சொல்லுது. குடற்புழு மாத்திரை குடுக்கணுமா, கூப்புடு அல்போன்ஸ. கொடிக்கம்பத்துல கயிறு சிக்கிக்கிச்சா, கூப்புடு அல்போன்ஸ. பாத்ரூமுக்குள்ள பாம்பு பூந்துடுச்சா, அல்போன்ஸ் எங்கய்யா போனாரு? ஐயா, நான் கபடியும் வாலிபாலும் சொல்லிக் குடுக்க வந்தவன். பாம்பு புடிக்கிறது என் சிலபஸ்லயே இல்ல. சொன்னா யாரு கேக்கறா?

அதனால போன வருஷம் எங்க உப்பளம் ஸ்கூலுக்கு அட்டைப்பெட்டியில நாப்பது டேப்லெட் வந்து எறங்கினப்பவே இது யாரு தலையில விழும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நெனச்ச மாதிரியே ஹெட்மிஸ்ட்ரஸ் பார்வதி மேடம் கூப்புட்டு அனுப்பினாங்க.

"சார், நீங்கதான் இனிமே டேபுக்கு நோடல் ஆபீசர். எல்லாப் பொறுப்பும் உங்களுதுதான்."

"மேடம், வாட்ஸ்அப்ல ஒரு குட்மார்னிங் அனுப்பவே நான் எம் பொண்ணத்தான் கூப்புடுவேன்."

"கத்துக்கலாம் சார். கணக்கு சாருக்கு போர்ஷன் இருக்கு. சயின்ஸ் டீச்சருக்கு லேப் இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு?"

எனக்கு என்ன இருக்கா? மாதாவே! வந்துச்சு பாருங்க கோவம். எனக்கு கபடி டீம் இருக்கு. ஒம்பதாம் வகுப்புப் பொண்ணுங்க ஏழு பேரு. கேப்டன் ரோசா. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து சந்துல வீடு, அப்பா தச்சு வேலை. அவ ரெய்டுக்குப் போனா ரெண்டு பேரத் தொடாம திரும்ப மாட்டா. முந்தின வருஷம் மண்டலப் போட்டியில அரையிறுதி வரைக்கும் வந்து, ஒரே ஒரு பாயிண்டுல தோத்தோம். அன்னிக்கு நான் சோறு திங்கல. போன வருஷப் போட்டி நம்ம உப்பளம் ஸ்டேடியத்துலயே. ஆறே வாரம் இருந்துச்சு.

இதெல்லாம் மேடத்துக்கும் தெரியும். தெரிஞ்சேதான் அடுத்த குண்டையும் போட்டாங்க. ஒம்பதாம் வகுப்புக்கு டேப் பீரியடு வைக்கணும், எந்த டீச்சரும் பீரியடு தர மாட்டேங்கறாங்க, அதனால கடைசி பீரியட எடுத்துக்கறோம்னாங்க. கடைசி பீரியடு என்னோட பி.டி. பீரியடு. காலைல ஸ்பெஷல் கிளாஸ், சாயந்தரம் பொண்ணுங்க நேரா வீட்டுக்குப் போயாகணும், வீட்டுல விட மாட்டாங்க. எங்களுக்குன்னு இருந்தது அந்த நாப்பது நிமிஷம்தான். அதுலயும் மண்ணு.

சரி, டேபோட கதையக் கேளுங்க. கல்வி ஆபீஸ்ல ஒரு பெரிய திரை இருக்காம். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அதுல ஒரு கட்டம். தினம் எல்லா டேபுலயும் பாடம் ஓடுனா பச்சை, ஓடலன்னா சிவப்பு. சிவப்பு விழுந்தா மேடத்துக்கு போன் வரும். மேடம் எனக்கு போன் பண்ணுவாங்க. நான் யாருக்குப் பண்றது, அந்தோணியாருக்கா?

மொத வாரம் நான் ஒழுங்காத்தான் ஆரம்பிச்சேன். நாப்பது டேபுக்கும் நாலு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சார்ஜ் ஏத்துனேன். கரண்டு ட்ரிப் ஆகி ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் ஃபேன் நின்னுபோச்சு. நெட்டு வரல. நெட்டு வந்தப்ப பாஸ்வேர்டு வேலை செய்யல. பாஸ்வேர்டு மறந்துடும்னு போர்டுல சாக்பீஸால எழுதி வெச்சேன், அடுத்த பீரியடு இங்கிலீஷ் டீச்சர் அழிச்சுட்டாங்க. கடைசில ஒரு வழியா சயின்ஸ் பாடம் எட்டையும் டேபுக்குள்ளயே எறக்கி வெச்சு, நெட்டு இல்லாட்டியும் ஓடி, நெட்டு வந்தப்ப கணக்கு திரைக்குப் போற மாதிரி பண்ணிக்குடுத்துட்டுப் போனாரு ஆபீஸ்லேர்ந்து வந்த ஒரு தம்பி. அதுக்குள்ள ஒரு வாரப் பிராக்டீஸ் போச்சு. கிரவுண்ட பாக்கறேன், ஆடு மேயுது. எனக்குத் தாங்கல.

அப்பதான் என் மண்டையில அந்த யோசனை வந்துச்சு. டேப் ஓடணும், அவ்வளவுதான? எதிர்ல பசங்க இருக்கணும்னு திரைக்கு எப்பிடித் தெரியும்?

மறுநாள் கடைசி பீரியடு. நாப்பது பெஞ்சு எடத்துலயும் நாப்பது டேப நிறுத்தி, பாடத்தப் போட்டு விட்டுட்டு, மொத்த கிளாஸையும் கிரவுண்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன். பசங்க போட்ட சத்தம் பீச் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனா சும்மா விட்டுட்டுப் போக முடியாது. எவனாவது தூக்கிக்கிட்டுப் போயிடுவான். அதோட ஒவ்வொரு டேபும் ஒரு புள்ள பேர்ல இருக்கு, பாடம் முடிஞ்சதும் அஞ்சு கேள்வி வரும். பதிலு அமுக்குனாத்தான் அடுத்த பாடம் தொறக்கும். அதுக்கு ஒரு ஆளு வேணும். கன்னியம்மா அக்காவப் புடிச்சேன்.

கன்னியம்மா அக்கா எங்க ஸ்கூல்ல கூட்டிப் பெருக்கற வேலை. நாப்பத்தஞ்சு வயசு. எல்லா ஸ்கூல்லயும் கூப்புடற மாதிரி பசங்க "ஆயாம்மா"ன்னு கூப்புட்டா வௌக்கமாத்தத் தூக்குவாங்க. "யாருக்குடா ஆயா? ஒங்க ஆயா வீட்டுல ஒக்காந்திருப்பா, போய் அவளக் கூப்புடு." இன்ஸ்பெக்டரே வந்தாலும் கூட்டற எடத்துல செருப்புக் காலோட விட மாட்டாங்க.

"அக்கா, ஃபேனுக்கு அடியில ஒக்காருங்க. கேள்வி வந்தா எதையாவது அமுக்குங்க. அவ்வளவுதான்."

"எதையாவதுன்னா?"

"எதையாவதுதான். மார்க்க யாரு பாக்கப் போறா?"

மறுநாள் அக்கா மூஞ்சி செவந்து கெடக்கு. விஷயம் என்னன்னா, தப்பா அமுக்குனா டேபுல செவப்பா ஒரு அழுமூஞ்சி வருது. வந்துட்டு, ஒரு பொம்பளைக் குரலு, "தவறு. மீண்டும் முயற்சி செய்க"ன்னு கத்துது.

"நாப்பது பொம்மையும் என்னப் பாத்து தப்பு தப்புங்குது சார். ஒண்ணு முடிச்சா அடுத்தது. எம் மாமியாகூட இத்தினி தரம் சொன்னதில்ல. நான் என்ன கிறுக்கியா?"

"அது மிஷினுக்கா. அதுக்கு என்ன தெரியும்?"

"மிஷினா இருந்தா? மருவாதி வேணாம்?"

அன்னிலேர்ந்து அக்கா பாடத்தக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. படிக்கணும்னு இல்ல, அந்தக் குரலோட வாய அடக்கணும்னு. ஒரே பாடம், ஒரே அஞ்சு கேள்வி, நாப்பது டேபு. மொத மூணு டேபுல தப்பு விழும். பத்தாவது டேபுக்குள்ள எது சரின்னு தெரிஞ்சுடும். நாப்பதாவது டேபுல கேள்வி முடியறதுக்குள்ள பதிலு விழும். நான் கிரவுண்டுலேர்ந்து தண்ணி குடிக்க வந்தா, அக்கா ஒரு டேபுகிட்ட வாதாடிக்கிட்டிருப்பாங்க. "என்னாத்துக்கு நிறுத்தற? மேல சொல்லு."

எங்க கட்டம் பச்சையோ பச்சை. நாலு வாரத்துல டவுன்லயே மொத எடம். பிரேயர்ல பார்வதி மேடம் மைக்கப் புடிச்சு என்னப் பாராட்டினாங்க, பசங்க கைதட்டினாங்க. வெக்கமே இல்லாம நான் தலையாட்டிக்கிட்டு நின்னேன். கபடி டீமும் அப்பிடி ஏறி வந்துடுச்சு. ரோசா ஒரே ரெய்டுல மூணு பேரத் தொட்டுட்டு வந்தா. கப்பு எங்களுக்குத்தான்னு நான் மனசுக்குள்ள அலமாரியில எடம் ஒதுக்கிட்டேன்.

பச்சை ரொம்ப பச்சையா இருந்தா அதுவும் வெனைதான். இந்த ஸ்கூல்ல மட்டும் எப்பிடின்னு பாக்கலாம்னு ஆபீஸ்லேர்ந்து அன்பழகன்னு ஒரு ஆபீசர் சொல்லாம கொள்ளாம கெளம்பி வந்துட்டாரு. வந்தது புதன்கெழமை, கடைசி பீரியடு. பார்வதி மேடம் பூரிச்சுப்போய், "வாங்க சார், எங்க கிளாஸப் பாருங்க"ன்னு அவங்களே கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க.

உள்ள ஒரு புள்ள இல்ல. நாப்பது டேபும் வெப்பத்தப் பத்திப் பாடம் நடத்துது. ஒண்ணுக்கு ஒண்ணு ரெண்டு செகண்டு முன்னபின்ன. மாதா கோயில் தேர் அன்னிக்கி நாலு தெருவுல நாலு மைக்செட்டு போட்ட மாதிரி ஒரே இரைச்சல். நடுவுல கன்னியம்மா அக்கா வௌக்கமாத்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, இங்க ஒரு அமுக்கு, அங்க ஒரு அமுக்கு. திரும்பி ஆபீசரப் பாத்துட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இதுக்குக் கேள்வி வந்துடுச்சு"ன்னாங்களாம்.

என்னக் கிரவுண்டுலேர்ந்து கூட்டிக்கிட்டு வந்தாங்க. கழுத்துல விசில், முழங்கால் வரைக்கும் புழுதி. பார்வதி மேடம் என்னப் பாத்த பார்வைய எழுத முடியாது.

அன்பழகன் சார் கத்தல. அதுதான் பயமா இருந்துச்சு. அக்காவ ஒரு பெஞ்சுல ஒக்காரச் சொல்லி, மொத டேப எடுத்தாரு. எட்டுப் பாடத்துக்கும் சேத்து கடைசில இருவத்தஞ்சு கேள்விப் பரீட்சை ஒண்ணு இருக்கு. அதத் தொறந்து குடுத்தாரு. அக்கா முந்தானைல வெரலத் தொடச்சுக்கிட்டு அமுக்க ஆரம்பிச்சாங்க. கரண்டிய கொழம்புல போட்டு வெச்சா பிடி ஏன் சுடுது? "கடத்தல். இதுக்குப் பாடம் வேற வேணுமா." அமுக்கு. அடுத்தது. அமுக்கு. இருவத்தஞ்சுக்கு இருவது.

மேடம் வாயத் தொறந்தவங்க மூடல. ஆபீசர் டேப வாங்கிக் கீழ வெச்சாரு. அப்பறம் சொன்னாரு: "மேடம், மெமோ குடுத்தா உங்களுக்கும் பி.டி. சாருக்கும் குடுக்கணும். குடுக்கல. எல்லா மார்க்கையும் அழிக்கறேன். பசங்க அவங்க கையால மொதல்லேர்ந்து படிக்கட்டும். எத்தனை தரம் வேணும்னாலும் பரீட்சை எழுதட்டும். இந்த அம்மா எடுத்த இருவதுக்குக் கீழ எடுத்தவங்க யாரும் கடைசி பீரியடுல கிரவுண்டுக்குப் போகக் கூடாது. அடுத்த வெள்ளிக்கெழமை நாலு மணிக்குள்ள எடுக்கலன்னா போட்டிக்கும் போகக் கூடாது. டேபுக்கு இனிமே இந்த அம்மாதான் பொறுப்பு."

அடுத்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கெழமை. சனிக்கெழமைதான் போட்டி.

நோடல் ஆபீசர் பதவி போச்சேன்னு நான் ஒரு சொட்டு கண்ணீர் விடல. ஆனா என் டீமு இப்ப கன்னியம்மா அக்கா கையில.

கிரவுண்டு ஆசை காட்டுனா பசங்க எதையும் படிப்பாங்கன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். இனியவன்னு ஒருத்தன், கிளாஸ்ல மொத நம்பரு, ரெண்டே நாள்ல இருவத்திரெண்டு எடுத்துட்டு ஓடி வந்தான். டீம் பொண்ணுங்க ஒவ்வொருத்தியா வந்தாளுங்க. செவ்வாய்க்கெழமைக்குள்ள ஆறு பேரு. ஏழாவது ஆளு வரல. ரோசா பதினாலு. அப்பறம் பதினாறு. அதோட சரி. டேப மடில வெச்சுக்கிட்டு ஜன்னல் வழியா கிரவுண்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா.

வெள்ளிக்கெழமை. மூணே கால். நான் தாங்க முடியாம கன்னியம்மா அக்காவ வராண்டாவுக்குக் கூப்புட்டேன்.

"அக்கா, நான் கும்புட்டுக் கேக்கறேன். அவளுக்கும் சேத்து நீங்களே அமுக்கிடுங்க. ஒங்களுக்குத் தெரியாததா? ஒரு புள்ள, ஒரே ஒரு டேபு. நாளைக்கு அவ இல்லன்னா நான் ஸ்டேடியத்துக்குப் போறதே வேஸ்ட்டு."

அக்கா வௌக்கமாத்தக் கீழ வெச்சாங்க. தூக்கியிருந்தாகூட எனக்குப் பயம் கம்மியா இருந்திருக்கும்.

"சார், நானும் ஓடினவதான். தெரியுமா ஒங்களுக்கு? நானூறு மீட்டரு. இதே ஸ்டேடியத்துல. ஒங்கள மாதிரியே ஒரு பி.டி. சாரு. ரொம்ப நல்லவரு. கன்னியம்மா, நீ ஓடு, பரீட்சைய நான் பாத்துக்கறேன்னாரு. எட்டாவது பரீட்சைய எனக்குப் பதிலா எவளோ எழுதுனா. பாஸ். எல்லாரும் கைதட்டுனாங்க. ஒம்பதாவதுல போய் ஒக்காந்தா போர்டுல இருக்கறது ஒண்ணும் புரியல. யாருகிட்ட கேக்கறது? பாஸ் பண்ணவ எப்பிடிக் கேக்கறது? வெக்கமாப் போச்சு, நின்னுட்டேன். மெடலு இருக்கு வீட்டுல. வந்து பாருங்க, பருப்பு டப்பாவுக்குப் பின்னாடி இருக்கும். நான் இங்க கூட்டிக்கிட்டிருக்கேன். அந்தப் பொண்ணு ஆடட்டும் சார். நல்லா ஆடட்டும். ஆனா அவளுக்காக இன்னொருத்தி அமுக்கக் கூடாது. நான் உயிரோட இருக்கற வரைக்கும் கூடாது."

அந்த நல்ல பி.டி. சாரு யாருன்னு கேக்கத் தைரியமில்ல. அது நானா இருந்தாலும் இதத்தான் பண்ணியிருப்பேன். நாலு வாரமா இதத்தான பண்ணிக்கிட்டிருந்தேன், நாப்பது புள்ளைங்களுக்கு? வெக்கம் புடுங்கித் தின்னுச்சு. நேரா உள்ள போனேன்.

போய் ரோசா பக்கத்துல தரையில ஒக்காந்தேன். இனியவனோட டேபு பெஞ்சுல சும்மா கெடந்துச்சு. எடுத்து அந்த வெப்பப் பாடத்தத் தொறந்தேன். சூரியனோட சூடு பூமிக்கு எப்பிடி வருது? நான் யோசிச்சேன். காத்து வழியாதான வரும்? அமுக்குனேன்.

"தவறு. மீண்டும் முயற்சி செய்க."

மிச்சமிருந்த பத்துப் பன்னெண்டு பசங்களும் திரும்பிப் பாத்தாங்க. சரி, கடத்தல்னு இருக்கே, அதா இருக்கும். அமுக்குனேன்.

"தவறு. மீண்டும் முயற்சி செய்க."

கிளாஸே சிரிக்குது. அக்கா வாசல்ல நின்னுக்கிட்டு, "எத்தினி தரம் சொல்லுது பாருங்க, நல்லாருக்கா?"ங்கறாங்க. எனக்குக் காது வரைக்கும் சூடு. அது எந்த வழியா வந்துச்சுன்னு டேபு கேக்கல. ரோசா வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சா. பத்து நாள் கழிச்சு அந்தப் பொண்ணு சிரிச்சத அன்னிக்குத்தான் பாத்தேன்.

"சார், கதிர்வீச்சு சார். நடுவுல எதுவுமே இல்லாம வரும். நடுவுலதான் காத்தே இல்லியே."

"அடிப்பாவி, தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் சார்."

"அப்பறம் ஏன் பதினாறு?"

தலையக் குனிஞ்சுக்கிட்டா. "தெரியாதத விட்டா பரவால்ல சார். தப்பா அமுக்குனா சத்தமா சொல்லுது. எல்லாரும் பாக்கறாங்க. கேப்டன்னு வேற சொல்றாங்க. அதான் சந்தேகமா இருந்தா அமுக்காமலே விட்டுடறேன்."

கபடியில இவ ஏழு பேர் நடுவுல ஒத்தையாப் போவா. புடிச்சு அமுக்கினா எழுந்து மண்ணத் தட்டிட்டு மறுபடி போவா. அந்தப் பொண்ணுக்கு ஒரு அழுமூஞ்சிப் படத்தப் பாத்து பயம். அதச் சொல்லி நான் பெரிய பிரசங்கம் ஒண்ணும் பண்ணல. "இரு, நான் இன்னும் நாலு தப்பு பண்ணிக் காட்டறேன்"னு அடுத்த கேள்விக்குப் போனேன். வேணும்னு பண்ணல, நெசமாவே தெரியல. நாலு இல்ல, ஆறு தப்பு.

மூணே முக்காலுக்கு மணி அடிச்சுட்டாங்க. பசங்க போகல, சுத்தி நின்னுட்டாங்க. ரோசா பரீட்சையத் தொறந்தா. அந்தக் குரலு நடுநடுவுல கத்துச்சு, அவ நிமுந்துகூடப் பாக்கல. எல்லாக் கேள்வியும் அமுக்குனா. மார்க்கு வந்துச்சு. பத்தொம்போது.

மணி மூணு அம்பத்திமூணு.

கன்னியம்மா அக்கா டேப வாங்கிப் பாத்தாங்க. அப்பறம் ரோசாவப் பாத்தாங்க. அப்பறம் மெதுவா, "போடி. எல்லாத்தையும் நீயேதான அமுக்கின? பத்தொம்போதும் இருவதும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். நான் சொல்லிக்கறேன் ஆபீசருகிட்ட. போய் ஆடு"ன்னாங்க.

கர்த்தாவே, அந்தம்மா வாயிலேர்ந்து அப்பிடி ஒரு வார்த்தை வரும்னு நான் நெனக்கல. நான் விசில எடுத்து ஊதப் போனேன்.

"வேணாம்க்கா," ரோசா சொன்னா. "கோட்டத் தொட்டாதான் பாயிண்டு. ஒரு வெரக்கட கொறஞ்சாலும் அவுட்டுதான். ஏழு நிமிஷம் இருக்குல்ல? குடுங்க."

டேப வாங்கிட்டா. செவுத்துல இருக்கற கடிகாரத்தப் பாக்காம இருக்க பேன்ட்டுல ஒட்டியிருந்த புழுதிய சொரண்டிக்கிட்டிருந்தேன். இருவத்தஞ்சாவது கேள்விக்கு வெரலு நின்னுச்சு. யோசிச்சா. அமுக்குனா.

இருவத்தொண்ணு. மூணு அம்பத்தொம்போது.

பசங்க கத்துன கத்துல பார்வதி மேடம் ஆபீஸ் ரூம்லேர்ந்து செருப்பு போடாம ஓடி வந்தாங்க. ரோசா கன்னியம்மா அக்காவக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. அக்கா அவளத் தள்ளி விட்டுட்டு, "இருவத்தொண்ணா? என்னோடத விட ஒண்ணு கூடவா? எந்தக் கேள்விடி நான் விட்டது?"ன்னு டேபப் புடுங்குனாங்க.

சனிக்கெழமை அரையிறுதிய ஜெயிச்சோம். ஃபைனல்ல மூணு பாயிண்டுல தோத்தோம். ஸ்டேடியம் வாசல்லயே எல்லாரும் அழுதோம், அப்பறம் பஜ்ஜி சாப்புட்டோம். அலமாரியில ஒதுக்கின எடத்துல இப்ப டேப் சார்ஜர் கெடக்கு.

திங்கக்கெழமை காலைல கன்னியம்மா அக்கா பி.டி. ரூம் வாசல்ல வந்து நின்னாங்க. வௌக்கமாறு கையில இல்ல.

"சார், ஒண்ணு கேக்கணும். நான் அன்னிக்கி எடுத்த இருவது எந்தப் புள்ள பேர்ல இருந்துச்சு?"

"இனியவன் பேர்லக்கா. ஆபீசரு எடுத்த மொத டேபு அவனோடது. ஆபீசரு அழிச்சுட்டாரே."

"அப்ப அது எங்கயும் இல்ல."

"இல்லக்கா."

"எம் பேர்ல ஒண்ணு தொறக்க முடியுமா சார்? பீரியடு முடிஞ்சப்பறம்தான். பசங்களுக்குத் தொந்தரவு இல்லாம."

நான் நோடல் ஆபீசர் இல்ல. எனக்கு அந்த மிஷினு புடிக்கவும் புடிக்காது. ஆனா அப்பவே அன்பழகன் சாருக்கு போன் போட்டேன். அவரு, தொறந்துக்குங்க சார், நான் சொல்ற மாதிரி அமுக்குங்கன்னாரு. மேடம் ரூம்ல நாப்பத்தொண்ணாவதா ஸ்பேர் டேபு ஒண்ணு பெட்டியோட இருந்துச்சு, கேட்டு வாங்கிட்டு வந்தேன். போன காதுல இடுக்கிக்கிட்டு, ஒத்த வெரலால ஒவ்வொரு எழுத்தாத் தட்டுனேன். பேரு, கன்னியம்மாள். அப்பா பேரு, காத்தவராயன். அடுத்த கட்டத்துல நின்னேன்.

"அக்கா, வகுப்புன்னு கேக்குது. சும்மா ஏதாவது போட்டுடட்டுமா?"

"ஏதாவதெல்லாம் வேணாம் சார்," அக்கா சொன்னாங்க. "ஒம்பதுன்னு போடுங்க. அங்கதான நின்னேன்."